13 கண்ணாடிகளும் ஒரு வேலியும்

1878-ல் எடுக்கப்பட்ட சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தின் புகைப்படம் ஒன்று இருக்கிறது. நீளம் 17 அடிக்கு மேல். சரியாகச் சொன்னால் அது ஒரு படம் இல்லை, 13 படங்கள். ஒரு குன்றின்மேல் இருந்த மாளிகைக் கோபுரத்தில் கேமராவை வைத்து, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எடுத்து, வரிசையாகச் சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். விரிகுடா, கப்பல்களின் பாய்மரக் கம்பங்கள், மேடும் பள்ளமுமாக இறங்கிப் போகும் தெருக்கள், நெருக்கியடித்து நிற்கும் மரவீடுகள் என்று ஊரே அதில் இருக்கிறது. இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கக் கிடைக்கிறது. உட்கார்ந்தால் ஒரு மத்தியானம் போய்விடும்.

எனக்கு அதில் முதலில் கண்ணில் பட்டு, அதற்கப்புறம் வேறு எதையும் பார்க்கவிடாமல் செய்தது ஒரு பலகை வேலி. ஊரின் மிக ஆடம்பரமான வீடுகள் நிற்கிற இடத்தில், கிட்டத்தட்ட 30 அடி உயரத்துக்கு வெறும் பலகைகளை அடித்து நிறுத்தி முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வேலியில் மூன்று பக்கம். நான்காவது பக்கம் தெரு. உள்ளே ஒரு வீடு. வீட்டைவிட வேலிதான் பெரிதாகத் தெரிகிறது.

கதை இதுதான். நாப் ஹில் என்ற அந்தக் குன்றில் சார்ல்ஸ் க்ராக்கர் என்ற ரயில்வே முதலாளி ஒரு முழு பிளாக்கையும் வாங்கி மாளிகை கட்டினார். ஒரே ஒரு மனை மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. அது நிக்கலஸ் யுங் என்ற ஜெர்மானியருடையது. பிணப்பெட்டி செய்து சவ அடக்கம் நடத்திக்கொடுப்பது அவர் தொழில். விலை பேசினார்கள், படியவில்லை. ஒருவர் பேராசைப்பட்டார் என்று ஒரு தரப்பும், மற்றவர் மிரட்டினார் என்று இன்னொரு தரப்பும் சொல்லிக்கொண்டே போனது. கடைசியில் க்ராக்கர் தன் நிலத்தின் எல்லையிலேயே யுங் வீட்டைச் சுற்றி அந்த வேலியை எழுப்பினார். வெயிலும் வராது, காற்றும் வராது, எதிரே எதுவும் தெரியாது. பணக்காரனுக்குக் கோபம் வந்தால் அதற்கு ஆசாரி வைத்துக் கட்டடம் எழுப்ப முடியும் என்பதை நான் இந்தப் படத்தில்தான் கண்ணால் பார்த்தேன். பதிலுக்கு யுங் தன் வீட்டுக் கூரைமேல் ஒரு சவப்பெட்டியை க்ராக்கர் வீட்டைப் பார்த்தபடி வைக்கப்போவதாகச் சொன்னார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

சரி, படம் எடுத்தவர் எங்கே நின்றார்? கூப்பிடு தூரத்தில், மார்க் ஹாப்கின்ஸின் மாளிகைக் கோபுரத்தில். ஹாப்கின்ஸ் யார்? க்ராக்கரின் கூட்டாளி. சென்ட்ரல் பசிஃபிக் ரயில்வேயை நடத்திய நான்கு பேரில் ஒருவர். மற்ற இருவர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டும் காலிஸ் ஹண்டிங்டனும். அதாவது வேலி கட்டியவரின் கூட்டாளி வீட்டு உச்சியிலிருந்துதான் அந்த வேலி வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. வேண்டுமென்று எடுத்ததில்லை. ஒரு முழுச் சுற்று சுற்றுவேன் என்று முடிவெடுத்துவிட்டால், எதைச் சேர்ப்பது எதை விடுவது என்ற சுதந்திரம் போய்விடுகிறது. சுற்றும்போது வேலியும் வரும்.

பனோரமா என்ற வார்த்தைக்கே வயது அதிகமில்லை. எடின்பரோவில் வசித்த ராபர்ட் பார்க்கர் என்ற ஐரிஷ் ஓவியர், ஊரைச் சுற்றிலும் பார்த்தபடி வரைந்து, அதை வட்டமான கட்டடத்தின் உட்சுவரில் மாட்டி, நடுவில் ஆட்களை நிறுத்திக் காட்டுவதற்கு 1787-ல் காப்புரிமை வாங்கினார். அப்போது அவர் வைத்த பெயர் பிரெஞ்சில், ‘ஒரே பார்வையில் இயற்கை’ என்ற பொருளில் இருந்தது. ‘எல்லாம்’, ‘காட்சி’ என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்த பனோரமா பிறகு வந்தது. 1793-ல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே வட்டக் கட்டடம் எழுந்தது. காசு கொடுத்து உள்ளே போனால் வேறொரு ஊரின் நடுவில் நிற்கலாம். சினிமா வருவதற்கு நூறு வருடம் முன்னால் அதுதான் சினிமா.

அந்த மோகத்தில் நம்ம பக்கத்து ஊர் ஒன்றும் மாட்டிக்கொண்டது. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். அடுத்த வருடமே லண்டனில் அதை ஒரு மாபெரும் பனோரமாவாக ராபர்ட் கெர் போர்ட்டர் காட்டினார். அவருக்கு வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்றுதான் இருக்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. நூறு அடிக்கு மேல் நீளமான அந்தக் கோட்டைச் சண்டையைக் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்கவேண்டும் என்ற ஆசை யாருக்கு வரும், எப்போது வரும் என்று யோசித்தால், ஒரு ஊர் கைக்கு வந்தபிறகு வரும் என்று தோன்றுகிறது. இல்லை, இது கொஞ்சம் அவசரமான முடிவு. மலை ஏறியவர்கள் எல்லோருக்கும் அந்த ஆசை வரும். மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் கோவில் படியேறிப் போனால், கும்பிட்டு முடித்த கையோடு யாராக இருந்தாலும் காவேரி எந்தப் பக்கம், ஸ்ரீரங்கம் கோபுரம் எந்தப் பக்கம் என்று ஒரு சுற்றுச் சுற்றாமல் இறங்குவதில்லை.

புகைப்படம் 1839-ல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. ஐந்தாறு வருடத்துக்குள் பாரிஸில் ஃப்ரீட்ரிஷ் ஃபொன் மார்ட்டன்ஸ் என்பவர், லென்ஸ் தானே திரும்பிக்கொண்டு வளைந்த தகட்டில் நீளமாகப் படம் பிடிக்கிற கேமராவைச் செய்துவிட்டார். 1848-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஆற்றங்கரையை, எதிர்க்கரையிலிருந்து எட்டு வெள்ளித் தகடுகளில் இரண்டு பேர் எடுத்தார்கள். டகேரோடைப் எனப்படும் அந்தத் தகடுகளில் உள்ள நுணுக்கம் நம்பவே முடியாது. நூற்றைம்பது வருடம் கழித்து மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்தபோது, ஊருக்குள் ஒரு மணிக்கூண்டின் கடிகாரத்தில் மணியைப் படிக்க முடிந்தது. மத்தியானம் 1.55. எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்காத அளவு சின்னது அந்தக் கடிகாரம்.

இந்தக் கடிகார விஷயம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டுத் தகட்டில் ஒரு தகட்டுக்கு மட்டும்தான் அந்த மணி சொந்தம். மற்ற ஏழுக்கும் மணி வேறு. ஒட்டி வைத்த பிறகு நாம் அதையெல்லாம் மறந்துவிடுகிறோம். மொத்த ஊருக்கும் 1.55 என்றே நம்புகிறோம்.

இங்கே நம் கோபுரத்துக்காரரிடம் திரும்ப வேண்டும். அவர் பெயர் எட்வர்ட் மைப்ரிட்ஜ். ‘ஓடும் குதிரை’ படங்கள் என்றால் உடனே ஞாபகம் வந்துவிடும். 1830-ல் இங்கிலாந்தில் பிறந்தபோது அவர் பெயர் எட்வர்ட் மக்கரிட்ஜ். பெயரின் எழுத்துகளை வாழ்நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருந்தார். அமெரிக்காவுக்கு வந்து புத்தகக் கடை வைத்தார். 1860-ல் குதிரைவண்டி விபத்தில் தலையில் பலத்த அடி. தேறி வந்து புகைப்படக்காரர் ஆனார். யோசெமிட்டி பள்ளத்தாக்கின் படங்களால் பெயர் வந்தது. 1874-ல் தன் மனைவியின் காதலனைத் தேடிப்போய்ச் சுட்டுக் கொன்றார். கொன்றதை மறைக்கவில்லை. அடுத்த வருடம் ஜூரி அவரை விடுதலை செய்தது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு நியாயம் எடுபட்டது. உடனே மத்திய அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அவர் அங்கே இருந்தபோதே மனைவி ஃப்ளோரா நோயில் இறந்துபோனார். இந்த மனிதர் திரும்பி வந்து செய்த முதல் பெரிய வேலைகளில் ஒன்றுதான் சான் ஃபிரான்சிஸ்கோ பனோரமா. 1877 ஜனவரியில் 11 துண்டுகளில் ஒரு முறை எடுத்து, எந்தக் கட்டடம் எது என்று 200-க்கும் மேற்பட்ட இடங்களைக் குறித்த ஒரு விளக்கப்படத்தையும் போட்டு விற்றார். அது போதவில்லை. 1878-ல் அதே கோபுரத்தில் மறுபடி ஏறினார். இந்த முறை ராட்சதக் கண்ணாடித் தட்டுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு இரண்டடி.

அந்தக் காலத்து வேலை எப்படி என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். ஈரத்தட்டு முறை என்று பெயர். கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைக் கண்ணாடிமேல் ஊற்றி, நாலு மூலைக்கும் சமமாக ஓடவிட்டு, மிச்சத்தை ஒரு மூலை வழியாக வடிக்க வேண்டும். தோசைக்கல்லில் மாவு பரப்புவதுபோல இல்லை. கரண்டியால் தொடக்கூடாது, கையைச் சாய்த்துச் சாய்த்தே பரப்பணும். பிறகு இருட்டில் சில்வர் நைட்ரேட் தொட்டியில் முக்கி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் மாட்டி, படம் பிடித்து, ஈரம் காய்வதற்குள்ளேயே இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவிவிட வேண்டும். எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம். காய்ந்தால் தட்டு போச்சு. இதை மேசை அகலக் கண்ணாடியில், காற்று அடிக்கிற குன்றின் மாளிகை உச்சியில், பதிமூன்று தடவை செய்ய வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் கேமராவைச் சரியாக அடுத்த பாகைக்குத் திருப்ப வேண்டும், மட்டம் பிசகக்கூடாது, பக்கத்துத் தட்டோடு ஓரம் சேர வேண்டும்.

அப்படியென்றால் அந்தப் பனோரமா ஒரு நொடி இல்லை. பல மணி நேரம். மைப்ரிட்ஜ் கேமராவோடு சுற்றும்போது சூரியனும் சுற்றிக்கொண்டிருந்தது. நிழல்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் அந்த நாள் நகர்வது தெரியும். அதிலும் ஒரு தட்டில் மட்டும் நிழல்கள் அக்கம்பக்கத்துத் தட்டுகளோடு ஒத்துப்போகாது. முதலில் எடுத்தது கெட்டுப்போயிருக்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு அந்தத் திசைக்கு மட்டும் திரும்ப வந்து எடுத்துச் செருகியிருக்கிறார் என்பதுதான் பொருத்தமான விளக்கம். மத்தியான ஊருக்கு நடுவில் ஒரு துண்டு சாயங்காலம். ஒட்டுப்போட்ட வேட்டியைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது மாதிரி, தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும்.

இதே மனிதர்தான் அதே 1878 ஜூனில், பாலோ ஆல்டோவில் ஸ்டான்ஃபோர்டின் பண்ணையில், 12 கேமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழும்புகின்றன என்று நிரூபித்தார். யோசித்துப் பார்த்தால் வேடிக்கை. அங்கே 12 தட்டுகளை வைத்துக் கண் இமைக்கும் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டினார். இங்கே 13 தட்டுகளை வைத்து ஒரு பகலைச் சேர்த்து ஒட்டி, ஒரு கண் இமைக்கும் நேரம் என்று காட்டினார். இரண்டும் ஒரே வருடம், இரண்டுக்கும் ரயில்வேக்காரர்களின் இடம். குதிரைப் படங்கள் சினிமா வரலாற்றின் முதல் பக்கத்துக்குப் போய்விட்டன. பனோரமாவை அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் இன்னும் விசித்திரமான வேலையாகப் படுகிறது.

இப்போது ஒரு சின்னப் பரிசோதனை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முகத்துக்கு முன்னால் ஒரு விரலை நீட்டி, தலையைக் கொஞ்சம் இடம் வலமாக நகர்த்திப் பாருங்கள். விரல் பின்னாலிருக்கும் சுவரில் இடம் மாறி மாறித் தெரியும். கேமரா திரும்பும்போதும் இதே தொந்தரவுதான். லென்ஸின் சரியான புள்ளியை அச்சாக வைத்துத் திருப்பாவிட்டால், பக்கத்திலிருக்கும் பொருள்கள் அடுத்தடுத்த படங்களில் இடம் மாறி, ஒட்டும்போது சேராது. நம்ம ஃபோனில் பனோரமா எடுத்தால் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஒரு இடத்தில் உடைந்து தெரிவது, நடந்து போன நாய்க்கு ஆறு கால் வருவது எல்லாம் இந்த வகைக் கோளாறுதான். நாய் விஷயத்தில் நேரமும் சேர்ந்து விளையாடுகிறது. தூரத்திலிருக்கும் பொருள்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆகவே பனோரமா எடுக்கிறவர் உயரத்துக்குப் போகிறார். எல்லாம் தூரமாகிவிட்டால் எல்லாம் ஒட்டும். பக்கத்தில் இருப்பவரைப் பிடிக்காது இந்தக் கலைக்கு, அதன் இயந்திரத்திலேயே அது இருக்கிறது.

பக்கத்தில் நின்று எடுத்தவரும் ஒருவர் உண்டு, அதுவும் நம்ம ஊரில். லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தபோது, 1858-ல் தஞ்சைப் பெரிய கோவிலில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் ஒரு சுருள் செய்தார். மைப்ரிட்ஜ் ஒரே இடத்தில் நின்று சுற்றினார். ட்ரைப்பின் கேமரா சுவரோடு சுவராக நடந்தது, பிரதட்சிணம் வருவதைப்போல. அங்கே நடுவில் நிற்கிற ராஜா யாரும் இல்லை, வாசித்துக்கொண்டே போகிற ஒரு ஆள்தான் உண்டு. ஒரு கல்வெட்டை அதைவிட மரியாதையாக எடுத்துவிட முடியாது. சில வருடங்களில் அந்தப் புகைப்படக்காரர் பதவியே வீண் செலவு என்று நிறுத்தப்பட்டுவிட்டது. அது தனிக் கதை.

கோபுரத்திலிருந்து கீழே பார்ப்போம். 1878 படத்தில் தெருக்கள் அநேகமாகக் காலி. ஊரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனம். ஈரத்தட்டுக்கு வெளிச்சம் பிடிக்க நேரம் தேவை. அவ்வளவு தூரத்தில் நடமாடுகிறவர்கள் தட்டில் பதிவதற்குள் போய்விடுகிறார்கள். வானமும் வெறும் வெள்ளை, ஏனென்றால் அந்த ரசாயனம் நீல வெளிச்சத்துக்குக் கண்மண் தெரியாமல் இளகிவிடும். ஆள் இல்லாத தெரு, மேகம் இல்லாத வானம், அப்பழுக்கில்லாத அமைதி.

அந்த ஊர் அப்போது அமைதியாகவா இருந்தது? இரண்டு பனோரமாக்களுக்கும் நடுவில், 1877 ஜூலையில், வேலையில்லாத கூட்டம் ஒன்று சீனர்களின் சலவைக் கடைகளைக் கொளுத்தியது. கலவரம் பல நாள் நடந்தது. அக்டோபரில் டெனிஸ் கியர்னி என்ற தொழிலாளர் தலைவர் நாப் ஹில்லுக்கே கூட்டத்தைக் கூட்டிவந்து, ரயில்வே முதலாளிகளின் வீட்டு வாசலில் நின்று முழங்கினார். க்ராக்கரின் வேலியும் அந்த முழக்கத்தில் வந்தது. யுங் மேல் பாசம் என்று சொல்ல முடியாது. முதலாளித் திமிருக்கு அதைவிட நல்ல சாட்சி கையில் இல்லை. ஆனால் கியர்னியின் முதலாளி எதிர்ப்பில் பாதி, சீனர்களை விரட்டு என்ற கூச்சல்தான். க்ராக்கர் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களை வைத்துத்தான் சியெரா நெவாடா மலைகளைக் குடைந்து ரயில் பாதை போட்டார். குறைந்த கூலி. பாதை 1869-ல் முடிந்தது. வேலை முடிந்ததும் அவர்கள் நகரத்துக்கு வந்தார்கள், நகரத்துக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. 1882-ல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதையே தடை செய்யும் சட்டம் வந்துவிட்டது.

சைனாடவுன் எங்கே இருந்தது? நாப் ஹில்லின் கிழக்குச் சரிவுக்குக் கீழே. மாளிகைகளிலிருந்து நடந்தே இறங்கிவிடலாம். பனோரமாவில் அந்தப் பக்கத் தட்டுகளில் கூரைகளாக இருக்கிறது, மற்றக் கூரைகளோடு கூரையாக. எல்லாம் தெரிகிற படத்தில், அந்த மாளிகைகளின் பணத்துக்கு யார் கல் உடைத்தார்களோ அவர்களின் தெருக்களும் இருக்கின்றன. ஒரு முகம்கூட இல்லை. மைப்ரிட்ஜ் மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். அவர் க்ராக்கரையும் ஸ்டான்ஃபோர்டையும்கூட முகமாகக் காட்டவில்லை. ஆனால் அவர்களுக்கு வீடு போதும், அடையாளம் தெரிந்துவிடும். கூலிக்காரனுக்கு முகம்தான் அடையாளம்.

மார்க் ஹாப்கின்ஸ் தன் மாளிகை முடியும் முன்பே, 1878 மார்ச்சில், ரயில் பயணத்தில் இறந்துபோனார். யுங் 1880-ல் இறந்தார். அவர் மனைவி அதற்கப்புறமும் மனையை விற்கவில்லை. க்ராக்கரும் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் காலத்தில், 1904-ல்தான் அந்த மனை க்ராக்கர் குடும்பத்துக்குக் கிடைத்தது. வேலியைப் பிரித்தார்கள். முழு பிளாக்கும் அவர்கள் கைக்கு வந்து இரண்டு வருடம்.

1906 ஏப்ரல் 18, விடியற்காலை 5.12. நிலநடுக்கம். அதைவிட மோசம் அதைத் தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் எரிந்த நெருப்பு. நாப் ஹில்லின் மரமாளிகைகள், ஹாப்கின்ஸ் கோபுரம், க்ராக்கர் வீடு, சைனாடவுன், மைப்ரிட்ஜின் 13 தட்டுகளில் தெரிகிற ஊரின் பெரும்பகுதி சாம்பல். மைப்ரிட்ஜ் அதைப் பார்க்கவில்லை. 1904-லேயே பிறந்த ஊருக்குத் திரும்பி இறந்துவிட்டார்.

எரிந்த ஊரையும் ஒருவர் பனோரமா எடுத்தார். சிகாகோவிலிருந்து வந்த ஜார்ஜ் லாரன்ஸ். அதற்கு முன்னால் பலூனில் தொங்கிப் படம் எடுக்கப் போய் இருநூறு அடி உயரத்திலிருந்து விழுந்து, தந்திக் கம்பிகளில் சிக்கி உயிர் பிழைத்தவர். அதற்கப்புறம் தான் ஏறுவதில்லை, கேமராவை மட்டும் ஏற்றுவது என்று முடிவு. ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய பட்டங்களை விட்டு, 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள கேமராவை விரிகுடாவுக்கு மேலே இரண்டாயிரம் அடிக்கு ஏற்றி, கீழேயிருந்து மின்சாரத்தில் ஷட்டரைத் தட்டினார். லென்ஸ் திரும்பிக்கொண்டே நான்கடி நீள ஃபிலிமில் ஊரை வரைந்தது. நிலநடுக்கம் முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. படத்தில் கடலோரம் முழுக்கப் பிழைத்த துறைகள், அதற்குப் பின்னால் தெருக்களின் கோடுகள், கோடுகளுக்கு நடுவில் ஒன்றுமில்லை, மேலே மேகத்துக்குப் பின்னால் இறங்கும் சூரியன். அழகாக இருக்கிறது என்பதுதான் சங்கடம். லாரன்ஸுக்கு அந்தப் படம் நல்ல காசு கொடுத்தது. இதில் ஒட்டு இல்லை, ஒரே ஃபிலிம். கோபுரம்கூடத் தேவைப்படவில்லை, நிற்க ஆளே இல்லை.

இதற்கு நேர் எதிரான படம் ஒன்று, நெருப்பு எரிந்துகொண்டிருந்த அன்றைக்கே எடுத்தது. சாக்ரமென்டோ தெருவில், அதாவது யுங்கின் வீடு இருந்த அதே தெருவின் சரிவில், ஆர்னால்ட் கென்த்தே என்ற புகைப்படக்காரர் இரவல் வாங்கிய கைக்கேமராவோடு நின்றார். அவருடைய கேமராக்கள் எல்லாம் நிலநடுக்கத்தில் போய்விட்டன. தெருவின் கீழ்ப்பக்கம் புகை மலைபோல எழும்புகிறது. வீடுகளின் முன்சுவர்கள் பெயர்ந்து விழுந்து கிடக்கின்றன. ஜனங்கள் வீட்டு நாற்காலிகளைத் தெருவில் போட்டு உட்கார்ந்து நெருப்பைப் பார்க்கிறார்கள். வீடு எரியப்போகிறது என்று தெரிந்த பிறகும் அப்படி நிதானமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கட்டுரையில் வருகிற எல்லாப் படங்களிலும் இதுதான் பெரியது. கென்த்தே பத்து வருடமாகச் சைனாடவுன் தெருக்களிலும் இறங்கி நடந்து, பல நேரம் கேமராவை மறைத்து வைத்துக்கொண்டு எடுத்திருந்தார். மறைத்து எடுத்தது சரியா என்ற கேள்வி தனியாக இருக்கட்டும். அவருடைய வீடும் அதிலிருந்த படங்களும் எரிந்தன. சைனாடவுன் நெகட்டிவ்கள் மட்டும் வேறிடத்தில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்ததால் பிழைத்தன. கோபுரத்திலிருந்து கூரைகளாகத் தெரிந்த இடத்தின் முகங்கள் அவற்றில்தான் உள்ளன.

நெருப்பு தணிந்ததும் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு யோசனை. சைனாடவுனை ஊருக்கு வெளியே தெற்குக் கோடிக்குத் தள்ளிவிடலாம், நடுவூரில் நல்ல நிலம் கிடைக்கும். நடக்கவில்லை. சீனர்கள் அசையாமல் அதே இடத்தில் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. நகர மன்றக் கட்டடத்தோடு பிறப்புப் பதிவேடுகளும் எரிந்துபோயிருந்தன. நான் இங்கேதான் பிறந்தேன் என்று ஒருவர் சொன்னால் இல்லை என்று மறுக்கக் காகிதம் இல்லை. அப்படிச் சொன்னவர்கள் குடிமக்கள் ஆனார்கள். குடிமகனின் பிள்ளை என்று சீனாவிலிருந்து இன்னும் பலர் வந்தார்கள். ‘காகிதப் பிள்ளைகள்’ என்று அவர்களுக்குப் பெயர். சொந்தப் பிள்ளையாக இல்லாதவர்கள், அந்தப் பொய்க் குடும்பத்தின் விவரங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, அதிகாரிகள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். ஊரில் உங்கள் வீட்டுக்கு எத்தனை படி? கிணறு எந்தப் பக்கம்? பக்கத்து வீட்டில் யார்? தான் வாழாத ஒரு ஊரை, அதன் நடுவில் நின்று சுற்றிப் பார்த்ததுபோல, வீடு வீடாகச் சொல்ல வேண்டும். ஒரு வீடு தப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேமரா இல்லாமல் எடுத்த பனோரமாக்கள் அவை.

ஹாப்கின்ஸ் மாளிகை நின்ற முனையில் 1926-ல் அவர் பெயரிலேயே ஒரு உயரமான ஹோட்டல் வந்தது. 1990-ல் மார்க் க்ளெட் என்ற புகைப்படக்காரர் அங்கே ஏறி மைப்ரிட்ஜின் 13 சட்டகங்களையும் மறுபடி எடுத்தார். இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து ஒரு புத்தகமே வந்திருக்கிறது. விரிகுடா பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. வங்கிக் கட்டடங்கள் எழும்பி, அந்தக் குன்றையே பள்ளமாக்கிவிட்டன. க்ராக்கரின் பிளாக்கைக் குடும்பம் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டது. அங்கே இப்போது நிற்பது கிரேஸ் கதீட்ரல். யுங் வீட்டின் மூலை எது, வேலி எங்கே வளைந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் 1878 படத்தைத் திறந்து, அந்தப் பலகைகளைத் தேடி, அங்கிருந்து எண்ணிக்கொண்டு வரவேண்டும்.